முன்கை டாட்டூவை லேசரில் எடுப்பது: நம் தோல் நிறத்துக்கு எத்தனை முறை, எந்தக் கருவி?

#1 முன்கை_மை

வணக்கம், சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இடது முன்கையின் உட்புறத்தில் 11 செ.மீ. நீளத்துக்கு ஒரு டாட்டூ. மேலே தமிழில் ஒரு பெயர், கெட்டியான கறுப்பு எழுத்து. கீழே சிவப்புச் செம்பருத்தி, இரண்டு பச்சை இலை. குத்தி 6 வருஷம் ஆகிறது. மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுத்த தோல். முழுவதையும் எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

மூன்று கேள்வி. எத்தனை முறை போக வேண்டியிருக்கும்? பிக்கோ லேசர் கட்டாயமா, கியூ-ஸ்விட்ச் லேசர் போதுமா? ஒரு பியூட்டி பார்லரில் ஐபிஎல் ஒளிக்கருவி வைத்தே பாதி விலைக்கு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள், போகலாமா?

#2 அலைநீளம்1064

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் வேண்டாம். இலவசமாகச் செய்து தந்தாலும் வேண்டாம்.

ஐபிஎல் என்பது லேசரே கிடையாது. ஒரு ஃபிளாஷ் விளக்கிலிருந்து பல அலைநீளங்கள் கலந்து வரும் ஒளி. ஒவ்வொரு துடிப்பும் மில்லிவினாடிக் கணக்கில் நீடிக்கும். முடியின் வேரைச் சுடுவதற்கு அது சரி. மைத்துகளோ மிக மிகச் சிறியவை. சூடு பக்கத்துத் தோலுக்குப் பரவுவதற்குள் துடிப்பு முடிந்துவிட வேண்டும். இலக்கு எவ்வளவு சிறியதோ துடிப்பும் அவ்வளவு குறுகியதாக இருக்க வேண்டும் என்பதை ஆண்டர்சனும் பாரிஷும் 1983-லேயே எழுதிவிட்டார்கள். கியூ-ஸ்விட்ச் லேசரின் துடிப்பு 5 முதல் 10 நானோவினாடி. பிக்கோவில் சில நூறு பிக்கோவினாடி, அதாவது ஒரு நானோவினாடிக்கும் குறைவு. ஐபிஎல் துடிப்பு நானோவினாடி லேசரைவிட லட்சம் மடங்குக்கு மேல் நீளம். அந்த நேரத்தில் மை உடையாது, சூடாகிச் சுற்றியுள்ள தோலை வேகவைக்கும். நம் தோலில் மெலனின், அதாவது தோலுக்கு நிறம் தரும் பொருள், அதிகம் என்பதால் மேல்தோலும் சேர்ந்து வேகும். கடைசியில் தழும்பும் மிஞ்சும், மையும் மிஞ்சும்.

டாட்டூ எடுக்கும் லேசர், ஆபத்து மிக அதிகமான வகுப்பு 4-ஐச் சேர்ந்தது. கண்ணில் பட்டால் பார்வை போகும். டாக்டர் பொறுப்பில், அதற்கென்று இருக்கும் அறையில் மட்டும் செய்துகொள்ளுங்கள். இணையத்தில் விற்கும் பேனா மாதிரிக் கருவிகளுக்கும் இதே பதில்தான். டாக்டரின் பெயரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் போட்டுத் தேடலாம். தோல் நிபுணர் என்றால் அதுவும் அங்கேயே தெரியும்.

#3 ஈஷூன்_அக்கா

எத்தனை முறை என்பதற்கு கிர்பி-தேசாய் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, 2009-இல் வந்தது. ஆறு விஷயங்களுக்குப் புள்ளி போட்டுக் கூட்டினால் உத்தேச எண்ணிக்கை கிடைக்கும். உங்களுக்குப் போட்டுப் பார்ப்போம்.

தோல் நிறம்: தோலை வெளுப்பிலிருந்து கறுப்புவரை 1 முதல் 6 எனப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் வகை எண்ணே புள்ளி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 5. இடம்: தலை, கழுத்துக்கு 1, இதயத்தை விட்டு விலக விலகக் கூடும், கைகால் நுனிப் பகுதிக்கு 5. முன்கைக்கு நான் 5 போடுவேன். நிறம்: கறுப்பு மட்டும் என்றால் 1. உங்களுடையதில் கறுப்பும் சிவப்பும் பெரும்பகுதி, கொஞ்சம் பச்சை, அதனால் 3. மையின் அளவு: நடுத்தரம், 3. தழும்பு: தடவிப் பார்த்தால் எழுத்து லேசாக மேடு தட்டும் என்றே வைத்துக்கொள்வோம், 1. பழைய டாட்டூ மேல் புதியது குத்தியிருந்தால் 2 கூடும், உங்களுக்கு 0. மொத்தம் 17.

பயப்படாதீர்கள். இது கியூ-ஸ்விட்ச் கணக்கு, உத்தேசமும்கூட. ஆனால் "நாலே முறையில் போய்விடும்" என்று யாராவது சொன்னால் இந்த 17-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையில் குறைந்தது 8 வாரம் என்றால் 17 முறைக்கு 128 வாரம், கிட்டத்தட்ட இரண்டரை வருஷம்.

இன்னொன்றையும் யோசியுங்கள் தம்பி. உங்களுக்கு உறுத்துவது பெயரா, பூவா? பெயரை மட்டும் எடுப்பதென்றால் நிறம் 1, மையின் அளவு 2, மொத்தம் 14. மூன்று முறை குறைகிறது. நம் தோலுக்குத் தொல்லை தரும் இரண்டு நிறங்களையும் தொடாமலே விடலாம்.

#4 ஊசிக்காரன்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முழுசா அழிப்பதற்கும் முழுசா வைத்துக்கொள்வதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: பெயரை 3 முதல் 5 முறை லேசரில் மங்கவைத்து, அதன் மேல் வேறு வடிவம் குத்துவது. மங்காத கறுப்பின் மேல் குத்தினால் புதியது பழையதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாகவும் இருட்டாகவும் போய்விடும். மங்கியபின் என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. கடைசி லேசருக்குப் பிறகு 3 மாதமாவது விட்டுத்தான் ஊசி வைக்கணும், தோல் தொட்டால் சாதாரணமாக இருக்கணும்.

ஆனால் பின்னாடி மனசு மாறி அதையும் எடுக்கணும் என்றால் இரண்டு அடுக்கு மை. அதை இப்போதே தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

அப்புறம், 6 வருஷப் பழசு என்பது நல்லதுதானே? பழைய மை சீக்கிரம் போகும் என்றுதான் கடையில் எல்லாரும் சொல்கிறோம்.

#5 ஈஷூன்_அக்கா

அதைப் பலரும் சொல்கிறார்கள். ஆனால் இத்தாலியில் 352 பேரை வைத்துப் பார்த்து 2012-இல் வெளியான ஆய்வில் மறுபக்கமாக வந்தது. 36 மாதத்துக்கு மேல் பழைய டாட்டூக்களே கடினமாக இருந்தன. 30 சதுர செ.மீ.க்கு மேல் இருப்பது, காலில் இருப்பது, கறுப்பு சிவப்பு தவிர்த்த நிறங்கள், நெருக்கமான மை ஆகியவையும் தடையாக இருந்தன. 10 முறையில் வெற்றி கண்டவர்கள் 47 சதவீதம், 15 முறையில் 75 சதவீதம். கியூ-ஸ்விட்ச்தான் அது.

அதே ஆய்வில் இரண்டு விஷயம் நம் கையில் இருப்பவை. புகைபிடிப்பவர்களுக்கு 10 முறையில் முழுசாகப் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. 8 வாரத்துக்குள் அவசரப்பட்டு அடுத்த முறை போனவர்களுக்கும் பலன் குறைவு.

ஏன் என்று தெரிந்தால் காத்திருப்பது எளிது. லேசர் மையை உடம்பிலிருந்து வெளியே எடுப்பதில்லை, உடைக்க மட்டும் செய்கிறது. அடித்தோலில் மையை விழுங்கி வைத்திருக்கும் வெள்ளணுக்கள் சாகும்போது துகள்கள் வெளியே வரும். மிகச் சிறிய துகள் நிணநீரோடு போய்விடும், மற்றதைப் பக்கத்திலேயே புதிய வெள்ளணுக்கள் வந்து மறுபடி விழுங்கும். 2018-இல் எலிகளில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அந்த வேலை நடக்க வாரங்கள் ஆகும். நிணநீர் ஓட்டம் நன்றாக இருக்கும் கழுத்து சீக்கிரம் தெளிவதும் கணுக்கால் இழுத்தடிப்பதும் இதனால்தான்.

நம் நிறத்துக்கு 8 வாரம்கூடக் குறைவு. முதல் மூன்று முறைக்குப் பிறகு 10, 12 வாரம் என்று நீட்டுவதே நல்லது.

#6 அலைநீளம்1064

பிக்கோவா கியூ-ஸ்விட்ச்சா என்று கேட்டீர்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது எந்த அலைநீளம் என்பது.

1064 நானோமீட்டர், அதாவது என்டி-யாக் லேசர், மெலனினை மிகக் குறைவாகத் தொட்டுக்கொண்டு ஆழமாக இறங்கும். கறுப்பு மை அதை நன்றாக உறிஞ்சும். வகை 4, 5, 6 தோலுக்கு இதுதான் முதல் தேர்வு. அதே கருவியில் வரும் 532 நானோமீட்டர் ஒளி சிவப்பு மைக்கு. ஆனால் 532-ஐ மெலனின் விழுங்கிவிடும். மேல்தோல் கொப்புளித்து நிறம் வெளுக்கும் அபாயம் அதிகம். பச்சைக்கு 755, அலெக்சாண்டிரைட். அதுவும் நம் மெலனினுக்குச் சிநேகிதன் இல்லை. ஆகவே உங்கள் கையில் எளிதான பகுதி எழுத்து, சிக்கலானவை பூவும் இலையும்.

பிக்கோ வந்த பிறகு கறுப்பு மைக்கு முறைகள் பொதுவாகக் குறைகின்றன, பச்சை நீலத்தில் முன்னேற்றம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் "பிக்கோ" என்று பலகையில் எழுதியிருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 755 மட்டும் வரும் பிக்கோவைவிட, 1064 வரும் கியூ-ஸ்விட்ச் உங்கள் தோலில் கறுப்பு எழுத்துக்குப் பாதுகாப்பானது. முகத்தில் மங்குக்கு (கரும்படைக்கு) மென்மையாகப் போடும் பிக்கோ அமைப்பும் டாட்டூவுக்குப் போடும் அமைப்பும் வேறு வேறு. கருவியின் பெயர், அதில் வரும் அலைநீளங்கள், என் தோல் வகைக்கு எதை முதலில் போடுவீர்கள் என்று கேளுங்கள். பதில் உடனே வரணும்.

முதலில் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு எழுத்தின் ஓரம், நம் ஒரு வெள்ளிக் காசு (சிங்கப்பூர் டாலர் நாணயம்) அளவு போதும். நிறம் கறுப்பதோ வெளுப்பதோ 4 முதல் 6 வாரத்தில்தான் முகம் காட்டும், அதுவரை பொறுத்திருங்கள்.

#7 முன்கை_மை

நன்றி அக்கா, அண்ணே. பெயரை மட்டும் எடுப்பது என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். வலி எப்படி இருக்கும்? மரத்துப்போகும் கிரீமை நானே வாங்கிப் போட்டுக்கொண்டு போகலாமா? தீபாவளிக்கு முன் முதல் முறையை முடிக்கப் பார்க்கிறேன்.

#8 மருந்துப்பெட்டி

கிரீம் பற்றி மட்டும் சொல்கிறேன். வழக்கமாகப் போடுவது லிடோகெயின் 2.5 சதவீதமும் பிரிலோகெயின் 2.5 சதவீதமும் கலந்தது. மெலிதாகத் தேய்த்தால் வேலை செய்யாது. கெட்டியாக ஒரு படலம் வைத்து, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் படலம் போட்டு மூடி, ஒரு மணி நேரம் விடணும். 20 நிமிடத்தில் வழித்துவிட்டால் மேல்தோல் மட்டும் மரத்திருக்கும், மை இருக்கும் அடித்தோல் மரத்திருக்காது.

அதிகப் பரப்பில், அதிக நேரம் போடுவது ஆபத்து. பிரிலோகெயின் ரத்தத்தில் மெத்திமோகுளோபினை, அதாவது ஆக்சிஜனைச் சுமக்க முடியாத ஹீமோகுளோபினை, கூட்டும். ஜி6பிடி என்ற நொதி (சிவப்பணுவைக் காப்பது) குறைபாடு உள்ளவர்களுக்கு இது இன்னும் எளிதாக வரும். சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகளுக்கு 1965 முதல் ஜி6பிடி சோதனை நடக்கிறது, உங்கள் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். குறைபாடு இருந்தால் டாக்டரிடம் சொல்லி லிடோகெயின் மட்டும் உள்ளதைக் கேளுங்கள். பொதுவாகவே கிளினிக்கில் போடச் சொல்வதுதான் நல்லது.

பருவுக்கு ஐசோட்ரெடினாயின், டாக்சிசைக்ளின், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, எதைச் சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். மூட்டுவாதத்துக்குத் தங்க ஊசி போட்டிருந்தால் கட்டாயம் சொல்லணும். எத்தனை வருஷத்துக்கு முன் போட்டிருந்தாலும் லேசர் பட்ட இடம் நீலச் சாம்பல் ஆகிவிடும்.

தீபாவளி என்றதும் ஞாபகம் வந்தது: மருதாணி. தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) கைக்கு வைக்கும்போது அந்த முன்கையை விட்டுவிடச் சொல்லுங்கள். மருதாணிக் கறை மேல்தோலில் நிற்கும் ஒரு நிறம். லேசர் மைக்கு முன்னால் அதைத்தான் சந்திக்கும், மேலேயே சுட்டுவிடும். கறை முழுசாகப் போன பிறகுதான் லேசர். ஆறாத புண் மேல் மருதாணி கூடவே கூடாது. அதிலும் "கறுப்பு மருதாணி" என்று விற்பதில் முடிச்சாய ரசாயனம் கலந்திருக்கலாம், அது தனியாகவே கொப்புளம் போடும்.

#9 ஈஷூன்_அக்கா

அந்த அறையில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் பதற்றம் இருக்காது.

கையில் முடி இருந்தால் மழித்திருக்கணும். சன்ஸ்கிரீன், லோஷன் எதுவும் கூடாது. கிரீமை முழுசாகத் துடைத்து எடுப்பார்கள். ஸ்பிரிட்டால் துடைத்தால் அது காயும்வரை லேசர் கிட்டே வரக்கூடாது, தீப்பிடிக்கும். உங்களுக்கும் அறையில் உள்ள எல்லாருக்கும் அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி. அதைப் போடாமல் யாராவது கருவியை இயக்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வலி, ரப்பர் பேண்டை இழுத்து விட்டது மாதிரி ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சுளீர். சூடான எண்ணெய்த் துளி தெறித்த எரிச்சலும் கூட இருக்கும். மணிக்கட்டுப் பக்கம் அதிகம், முழங்கைப் பக்கம் குறைவு. குளிர்ந்த காற்றை ஊதிக்கொண்டே செய்வார்கள். 11 செ.மீ. எழுத்துக்கு லேசர் ஓடும் நேரம் சில நிமிடம்தான்.

லேசர் பட்டதும் எழுத்து பால் வெள்ளையாக மாறும். அடித்தோலில் உண்டான வாயுக் குமிழிகள்தான் அது. 20 நிமிடத்துக்குள் அடங்கி மறுபடி கறுப்பு தெரியும். முதல் நாளே மை போய்விட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். டாக்டர் தேடுவது மெல்லிய, சீரான அந்த வெள்ளையைத்தான். புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்த்தாலோ தோல் தெறித்தாலோ ஆற்றல் அதிகம். "இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள், சீக்கிரம் போகட்டும்" என்று நீங்களே கேட்டுவிடாதீர்கள். நம் தோலில் நிறக்கேடு பலருக்கும் அந்த அவசரத்தில் வருவது.

வந்த பிறகு: துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம். வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, அதன் மேல் ஒட்டாத டிரெஸ்ஸிங், மேலே பேப்பர் டேப். தினமும் ஒருமுறை மிதமான சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி மாற்றணும். ஒன்றிரண்டு நாளில் கொப்புளம் வரலாம், இது எதிர்பார்த்ததே. குத்தாதீர்கள். தானாக உடைந்தால் மேல் தோலைப் பிய்க்காமல் அப்படியே படிய விடுங்கள், அதுவே நல்ல கட்டு. பெரிதாகக் கனத்தால் கிளினிக்கில் சுத்தமான ஊசியால் நீரை எடுப்பார்கள். பொருக்கு 1 முதல் 2 வாரத்தில் தானாக உதிரும்.

மஞ்சள் அரைத்துப் போடச் சொல்வார்கள் வீட்டில். வேண்டாம். மஞ்சள் நிறம் ஏறிவிட்டால் சிவப்பு பரவுகிறதா என்றே பார்க்க முடியாது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம். சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே டாக்டர்.

ஆறிய பின் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், தினமும். நம் ஊரில் வெயில் நாளில் நண்பகலில் புறஊதாக் குறியீடு 11-ஐத் தொடுவதும் உண்டு. பேருந்து நிறுத்தம்வரை நடக்கும் வெயிலும் கணக்கில் சேரும். முழுக்கைச் சட்டை எல்லாக் கிரீமையும்விட நம்பகமானது. வெயிலில் கறுத்த கையோடு அடுத்த முறை போனால் நல்ல டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

#10 தேக்கா_வாசகி

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். புருவத்தில் எம்ப்ராய்டரி (அழகுக்காக மை குத்துவது) செய்தது இப்போது செங்காவி நிறமாக மாறிவிட்டது. அதற்கும் இதே லேசர்தானே?

#11 அலைநீளம்1064

சகோதரி, அதில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. புருவம், உதடு, மற்றும் வெள்ளை, தோல் நிற மைகளில் இரும்பு ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ இருக்கும். லேசர் பட்ட நொடியில் வேதியியல் மாறி அது கறுப்பாகிவிடலாம். செங்காவிப் புருவம் கரிக்கோடு ஆகிவிடும். அதன் பிறகு 1064-இல் பலமுறை செய்து அந்தக் கறுப்பை எடுக்க வேண்டிவரும், சில சமயம் அது அடம்பிடிக்கும்.

அதனால் புருவத்தின் வால் பக்கம், முடிக்குள் மறையும் இடத்தில் ஒரே ஒரு புள்ளி சோதனை. கறுத்தால் அங்கேயே நிறுத்திப் பேசுங்கள். மேலும், புருவம் கண் குழியின் ஓரத்தில் இருக்கிறது. வெளியே போடும் கண்ணாடி போதாது, இமைக்குள் வைக்கும் உலோகக் கவசம் வேண்டும். அது இல்லாத இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். புருவ முடி கொஞ்ச நாள் வெளுத்துப்போகலாம், பிறகு திரும்பும்.

#12 பச்சைச்சீருடை

தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பயிற்சிக்கு) இன்னும் 3 மாதம். கெண்டைக்காலில் சின்ன டாட்டூ. அதற்குள் ஒரு முறையாவது முடித்துவிடலாமா?

#13 ஈஷூன்_அக்கா

3 மாதம் இருக்கிறது என்றால் இப்போதே ஒன்று செய்யலாம், நுழைவதற்கு 6 வாரம் முன்னால் முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வேண்டாம். தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமில் பூட்ஸின் மேல்விளிம்பும் சாக்ஸும் அந்த இடத்தில்தான் உரசும். வியர்வை, சேறு, பூச்சி மருந்து எல்லாம் சேரும். பாதி ஆறின தோலுக்கு அது தாங்காது. முகத்திலும் கையிலும் டாட்டூ இருப்பவர்களுக்கு உருமறைப்புச் சாயம் வேறு. அதை அழிக்கத் தேய்க்கும் தேய்ப்பிலேயே புதுத்தோல் உரிந்துவிடும்.

அடிப்படைப் பயிற்சி முடிந்து, வேலை எங்கே என்று தெரிந்த பின் தொடருங்கள். நீண்ட இடைவெளியால் எதுவும் கெடாது. அந்த மாதங்களிலும் மை மங்கிக்கொண்டுதான் இருக்கும்.

#14 ஊசிக்காரன்

முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு இன்னும் ஒன்று. லேசருக்குப் போகும் முன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எழுத்தைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். எழுத்து கைக்குத் தட்டுப்பட்டால் ஊசி ஆழமாகப் போய் அன்றைக்கே தழும்பு விழுந்திருக்கிறது. கறுப்பு இருக்கும்வரை தெரியாது. மை போன பிறகு தழும்பு எழுத்தாகத் தெரியும், பழி லேசர் மேல் விழும். முதல் நாளே பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இன்னொரு சங்கதி, தமிழ் எழுத்து என்பதால் சொல்கிறேன். மை போன இடத்தில் மெலனினும் போய்விட்டால் அதே பெயர் வெள்ளையில் நிற்கும். கறுத்த கையில் வெள்ளைப் பெயர் தூரத்திலிருந்தே படிக்க முடியும். ஐந்தாறு முறைக்குப் பிறகு ஓரங்களில் வெளுப்பு தெரிய ஆரம்பித்தால் டாக்டர் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே நிறுத்தச் சொல்லுங்கள்.

#15 அலைநீளம்1064

ஊசிக்காரன் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. கறுத்துப்போவது பெரும்பாலும் சில மாதத்தில் அடங்கும், டாக்டர் கிரீமும் தருவார். வெளுப்பு அப்படி இல்லை. சிலருக்கு 6 மாதம், ஒரு வருஷம் கழித்து நிறம் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. வெளுப்பு கண்டால் 4 முதல் 6 மாதம் விட்டு, நிறம் திரும்பிய பிறகு குறைந்த ஆற்றலில் 1064 மட்டும். பத்து சதவீதம் மை மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை என்று அங்கேயே நிறுத்துவதும் நல்ல முடிவுதான். மங்கலாகி யாரும் படிக்க முடியாத சாம்பல் நிழலை முழுக்கைச் சட்டைகூட இல்லாமல் சுமக்கலாம். வெள்ளைப் பெயரைச் சுமப்பது கஷ்டம்.

எழுத்தின் நடுவில் மச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மச்சத்தின் மேல் லேசர் போடக் கூடாது. நிறம் அழிந்துவிட்டால் பின்னால் அது மாறுகிறதா என்று கண்காணிக்க வழியில்லாமல் போகும்.

#16 முன்கை_மை

மச்சம் இல்லை. தடவினால் 'ழ' மட்டும் தட்டுகிறது. பூவில் ஒன்று சொல்ல விட்டுப்போச்சு: சிவப்பு இதழ் மட்டும் சில வாரம் தடித்து அரிக்கும், வெயிலில் போனால் கூடுகிறது. கறுப்பிலும் பச்சையிலும் அப்படி இல்லை. பூவை எடுக்கப்போவதில்லையே, அதனால் இது முக்கியமில்லை என்று நினைத்தேன்.

#17 ஈஷூன்_அக்கா

இது மிகவும் முக்கியம் தம்பி. நல்லவேளை சொன்னீர்கள். எல்லாத்தையும் நிறுத்திவிட்டு முதலில் தோல் நிபுணரைப் பாருங்கள்.

ஒரே நிறம் மட்டும் தடித்து அரித்தால் அந்த மைக்கு ஒவ்வாமை என்று எடுத்துக்கொள்ளணும். சிவப்பில்தான் இது அதிகம் வரும். பழைய சிவப்புகளில் பாதரசம் இருந்தது, இப்போதுள்ளவை பெரும்பாலும் அசோ சாயங்கள். ஒவ்வாமை உள்ள மை மேல் லேசர் போட்டால் அந்தச் சாயம் தூளாகி உடம்பு முழுக்கப் பரவும். உடம்பெல்லாம் தடிப்பதில் தொடங்கி மூச்சுத் திணறல்வரை போகலாம். உங்கள் பெயர் எழுத்துக்கும் பூவுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? கடைசி எழுத்து இதழைத் தொட்டுக்கொண்டு இருந்தால் அந்த எழுத்துக்கு லேசர் போடும்போது சிவப்பிலும் படும்.

தடிப்பு ஒவ்வாமையாகத்தான் இருக்கணும் என்றும் இல்லை. சார்காய்டோசிஸ் போன்ற உள்நோய்கூடச் சில சமயம் டாட்டூவில்தான் முதலில் தலைகாட்டும். அதனால் சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லலாம், மறுக்காதீர்கள்.

#18 மருந்துப்பெட்டி

சிவப்புக்குப் பொதுவான முதல் வழி ஸ்டீராய்டு, பூசவோ ஊசியாகவோ. அடங்கவில்லை என்றால் அந்தப் பகுதியை அறுத்து எடுப்பதைப் பற்றியும் பேசுவார்கள். சிறிய இதழ் என்றால் ஒரே முறையில் முடியும், கோடு மாதிரித் தழும்பு நிற்கும். உங்களுக்கோ குடும்பத்திலோ கெலாய்டு (தடித்து வளரும் தழும்பு) இருந்தால் அதைச் சொல்லணும். நெஞ்சிலும் தோளிலும்தான் அதிகம் வரும், ஆனாலும் சொல்லணும்.

அதுவரை கடையில் கிடைக்கும் டாட்டூ அழிப்புக் கிரீம் எதையும் அந்த இதழ் மேல் பூசாதீர்கள். அந்தக் கிரீம்களில் வேலை செய்பவை பெரும்பாலும் அமிலம். மேல்தோலைத்தான் சுடும், மை இருக்கும் ஆழத்துக்கு இறங்காது. ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் தோலில் அது போதும் புண்ணாக.

#19 முன்கை_மை

கடைசி எழுத்தின் கால் இதழுக்கு மேல் 2 மி.மீ. தள்ளித்தான் நிற்கிறது. சரி, நிபுணரை முதலில் பார்க்கிறேன். செலவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பத்து முறைக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போனால் மலிவு என்றும் கேள்விப்பட்டேன்.

#20 ஈஷூன்_அக்கா

அரிப்பும் தடிப்பும் நோய், அழகு சம்பந்தப்பட்டதில்லை. அரசு பாலிகிளினிக்கில் காட்டி, அங்கிருந்து கடிதம் வாங்கி, மண்டலே சாலையில் உள்ள நேஷனல் ஸ்கின் சென்டருக்குப் போங்கள். கடிதத்தோடு போனால் அந்தப் பகுதிக்கு மானியக் கட்டணம் உண்டு. பெயரை எடுப்பது அழகுச் சிகிச்சை. அதற்கு மானியமும் இல்லை, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பிலிருந்தும் எடுக்க முடியாது.

பத்து முறை சேர்த்துக் கட்டாதீர்கள். உங்கள் தோல் ஐந்தாவது முறையில் போதும் என்று சொல்லலாம். பணம் கட்டியாச்சே என்று ஆறாவதுக்குப் போவீர்கள், வெளுப்பு அங்கேதான் விழும். ஒவ்வொரு முறையாகக் கட்டுங்கள். விலை கேட்கும்போது எழுத்தின் அளவைச் சொல்லி, ஆலோசனை, சோதனைப் புள்ளி, மரத்துப்போகும் கிரீம், டிரெஸ்ஸிங், 9 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் உள்ளேயா வெளியேயா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கிளினிக் விளம்பரத்தில் முன்-பின் படம் தேட வேண்டாம், இங்கே அதற்கு அனுமதி இல்லை. டாக்டரை நேரில் பார்க்கும்போது, நம் நிறத் தோலில் செய்ததன் படம் காட்டச் சொல்லுங்கள்.

ஜொகூரில் நல்ல டாக்டர்களும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டாம் நாள் இரவு கொப்புளம் கனத்தால் யாரிடம் காட்டுவீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லைப் பாலத்தில் வரிசையில் நின்றுகொண்டு முடிவு செய்ய முடியாது.

#21 ஊசிக்காரன்

நிபுணரைப் பார்க்கும் முன் டாட்டூ குத்திய கடைக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். சிவப்பு மை எந்த பிராண்ட், எந்தப் பாட்டில் என்று கேளுங்கள். பல பாட்டில்களில் சாயத்தின் குறியீட்டு எண் அச்சிட்டிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 6 வருஷம் ஆனாலும் பதிவு வைத்திருக்கும் கடைகள் உண்டு.

அப்புறம் அடுத்த முறை இதழ் தடிக்கும்போது, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனப் படம் எடுங்கள். சந்திப்பு நாளில் அது வற்றிப்போய் இருந்தால் டாக்டருக்குக் காட்ட வேறு எதுவும் இருக்காது. ஃபோனில் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கூடவே கொண்டுபோங்கள்.